நான்கில் ஒன்று

நாரஹேன்பிட்டியில் மழை.
ஊரார் இரத்தத்துக்குப் பெயர் ஒட்டி அடுக்கி
பத்தொன்பது வருஷம் பிழைத்தவள் நான்.
இன்று மூன்று குழாய்களில்
எங்கள் வீட்டு முதலெழுத்து.

இக்னேசியஸ் அண்ணாவின் சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டன.
துறைமுகத்துப் பாரந்தூக்கியின் உச்சியிலிருந்து
கொள்கலன்களைத் தீப்பெட்டிபோல் இறக்கிவைத்த ஆள்
கிழமைக்கு மூன்று நாள்
ஒரு மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறான்.

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
அதே மூக்கு. அதே சிரிப்பு.
தும்மினால் மூன்றுதரம் தும்முகிற அதே வியாதி.
செலஸ்தீன் அக்காவுக்கு யாருடைய சாயலும் இல்லை.
ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போச்சோ என்று
அப்பாவே பகிடி விடுவார்.
ஜம்பட்டா வீதி வீட்டு உறுதிக்காக
ஏழு வருஷம் எங்களோடு கதைக்காதவள்.
தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் வந்தாள்,
கையை நீட்டினாள்,
பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே
ஒரு சொல் இல்லாமல் இறங்கிப் போனாள்.

முன்னவத்தை, அனுவவத்தை,
மேன்முகவவத்தை, ஈற்றவத்தை.
செபமாலைபோல் உருப்போட்டு
உயர்தரத்தில் எழுதினேன் ஒடுக்கற்பிரிவை.
யாருடைய கதை அது என்று
அன்று தோன்றவில்லை.

அம்மா இன்னும் பிறக்காதபோதே,
கருவில் விரலளவு மிதந்தபோதே,
எங்களுக்கான பாகப்பிரிவினை தொடங்கிவிட்டதாம்.
அவளுக்குத் தாய்வழி வந்த இழையும்
தகப்பன்வழி வந்த இழையும்
பக்கத்தில் படுத்துப் பின்னிக்கொண்டு
துண்டுக்குத் துண்டு கைமாற்றின.
பேசாலைக் கடற்கரை ஒரு துண்டு,
செட்டியார் தெரு ஒரு துண்டு,
தைத்த இடம் தெரியாத ஒரே நூல்.
அப்படியே உறங்கின, வருஷக்கணக்காய்.
பிறகு, எங்களில் ஒவ்வொருவர் முறை வந்தபோதும்
இருபத்துமூன்று சோடியும் விலகின.
எது எந்தப் பக்கம் போகும் என்று
எந்த நொத்தாரிசும் எழுதவில்லை.
எண்பது இலட்சத்துக்கு மேல் வழிகள்,
அதுவும் அம்மா பக்கம் மட்டும்.
அப்பா பக்கமும் அத்தனை.
வழக்குப் போட முடியாத பங்கு.

அதற்குப் பிறகு சண்டை இல்லை.
ஒரு கலம், இரண்டு, நான்கு,
எழுத்துப் பிசகாத பிரதிகள்
(பிசகினால் அதற்கும் இங்கே ஒரு குழாய் வரும்).
என் கண்ணிமைக் கலத்தின் மடியிலும்
சிறுநீரகம் செய்கிற குறிப்பு இருக்கிறது.
வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.
முழு உறுதியும் கையில் இருக்க
தன் பக்கத்தை மட்டும் திறந்து
மிச்சத்தைச் சுருட்டி முடிச்சுப் போட்டுவிட்டு
இமையாகவே இருந்து செத்துப்போகிறது.
கண்ணிமையைக் கொடுத்து
அண்ணாவைக் காப்பாற்ற முடியாது.

கலம் என்றால் கப்பலும்தான்.
அண்ணா சொல்லுவான்:
வெளியில் எல்லாப் பெட்டியும் ஒரே தகரம்,
உள்ளே என்ன என்று
கடதாசியைப் பார்த்தால்தான் தெரியும்.

நாலேகாலுக்குக் கடதாசி வந்தது.
என்னுடையது:
அம்மாவிடம் அவன் எடுத்ததை நான் எடுக்கவில்லை,
அப்பாவிடமும் இல்லை.
மூக்கு பொருந்தி என்ன,
தேவையான இடத்தில் நான் அவனுக்கு அந்நியம்.
இரண்டாவது தாளை
வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடி பார்த்தேன்.
பெயரைப் பார்த்தேன், இலக்கத்தைப் பார்த்தேன்,
குழாயை எடுத்து என் கையெழுத்தையே பார்த்தேன்.
செலஸ்தீன்.
இரண்டும் அதே.

விடிந்தபிறகு சொல்வது டொக்டரின் வேலை.
சட்டம் அப்படித்தான்.
நான் ஐந்து மணிக்கே எடுத்தேன்.
எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம்,
தூரத்தில் முதல் ரயில்.
“அக்கா” என்றேன்.
அதற்கு மேல் வரவில்லை.

கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு,
“வெறும் வயித்தோடயா வரணும்?”